மாடுகள் குடிக்காத தண்ணீர்

புனா ஆற்றங்கரை,
ஷ்கோடர் மாவட்டம், அல்பேனியா.
12 செப்டம்பர் 1993

அன்புத் தம்பி பாஷ்கோவுக்கு,

அன்னை மரியாள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே நானும் உன் மச்சான் கோலாவும் குழந்தை திலாவும் நலம். நீ அனுப்பிய பார்சல் துறைமுகத்திலிருந்து லாரிக்காரர் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தது. காப்பித்தூள் நன்றாக இருக்கிறது. காலணி திலாவுக்கு இரண்டு வருஷம் கழித்துப் பொருந்தும். இத்தாலிக்குப் போய் என்ன பிரயோஜனம், ஒரு குழந்தையின் பாதம் எவ்வளவு இருக்கும் என்றுகூட உனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் அதைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். வாத்து மாதிரி வீடு முழுக்கத் தரையைத் தட்டிக்கொண்டு நடக்கிறாள்.

ஆற்றைப் பற்றிக் கேட்டிருந்தாய். போன குளிர்கால வெள்ளத்துக்குப் பிறகு ஆறு நம் பக்கத்துக் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. எல்லைக்கு அப்பால், அக்கரையில் மணல் சேருகிறது. அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு வயல் லாபம். வளைவில் ராணுவம் கட்டியிருந்த கான்கிரீட் பதுங்குகுழி நினைவிருக்கிறதா? அதன் அடிமண் போய், கவிழ்த்த சட்டி போல ஆற்றுக்குள் உட்கார்ந்துவிட்டது. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயந்தோம். இப்போது அதன் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைக்கின்றன.

நீயும் டோனினும் ஆற்றில் கழி நட்டு விலாங்கு பிடித்த வேலியில் நாலு கழிதான் மிச்சம். கழிமுகத்து மணல்திட்டும் இடம் மாறிவிட்டது. அதனால் முன்பைவிட உப்பு அதிக தூரம் ஏறுகிறது. நம் வீட்டுப் படித்துறையிலேயே கோலா கடல் மீனான மடவையைப் பிடித்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறதே என்று நான் கவலைப்பட்டால், சூப்புக்கு உப்பு மிச்சம் என்கிறார். வீட்டோடு வந்த மாப்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று ஊரே சொல்கிறது.

அவரோடு எனக்கு ஒரு சண்டையும் நடக்கிறது. படித்துறைக்குப் பக்கத்தில் நான் வைத்த மாதுளை மரத்துக்கும் ஆற்று விளிம்புக்கும் ஈஸ்டரின்போது பதினோரு அடி இருந்தது. இப்போது ஆறு அடி. மரத்தை வெட்டிவிட்டு அங்கே கழி அடித்து, கல் போட்டு, கரையைக் கட்ட வேண்டும் என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். நான் மண்வெட்டியை ஒளித்து வைத்துவிட்டேன். "ஒரு மரத்துக்கு இவ்வளவு பிடிவாதமா? உனக்கு என்ன பைத்தியமா?" என்று கத்தினார். பைத்தியம் என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

டாவா அத்தை வழக்கம்போல மாலையில் வருகிறாள். தன் மகன் டோனினைப் பற்றி ஏதாவது சேதி உண்டா என்று கேட்பாள். நான் இல்லை என்பேன். எல்லைகள் திறந்த வருஷம் நீ முதன்முதலில் எழுதிய கடிதத்தில், "அக்கரையில் இருட்டில் பிரிந்துவிட்டோம், டோனினும் எங்காவது கரையேறியிருப்பான்" என்று ஒரு வரி போட்டாய் அல்லவா? அந்த வரியை மட்டும் கத்தரித்து வாங்கிக்கொண்டு போனாள். எழுத்து அழிந்துவிடும் என்று கண்ணாடித் தாளுக்குள் வைத்து ரவிக்கைக்குள் செருகியிருக்கிறாள். ஐந்து வருஷம் மகன் செத்தான் என்று அழுது முடித்தவளை, நீ ஒரு வரியால் மறுபடி வாசலில் உட்கார வைத்துவிட்டாய்.

போன கடிதத்தின் கடைசியில் நீ எழுதியதைப் படித்தேன். இரவில் கையில் இன்னும் டோனினின் விரல்கள் இருக்கின்றன என்றும், நீதான் உதறிவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். மூன்று முறை படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் அடுப்பில் போட்டேன். அதைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியது என்னிடம் ஒன்று இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. மழை தொடங்குமுன் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. இப்போது உன்னை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. ஈர உடையோடு வேலை செய்யாதே.

உன்னை வளர்த்த அக்கா,
லூச்சே

*

17 அக்டோபர் 1993

தம்பி பாஷ்கோ,

கடவுள் உனக்கு நல்ல புத்தியையும் என் கைக்கு இதை எழுதி முடிக்கும் தைரியத்தையும் கொடுக்கட்டும்.

உன் பதில் வந்தது. இந்த மாதம் பட்டறையில் வேலை அதிகம், வர முடியாது, டாவாவிடம் ஒன்றும் சொல்லாதே, காலம் போகப்போக அவளே மறந்துவிடுவாள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் கன்னம் வீங்கியிருக்கும். அவள் மறந்துவிடுவாளா? போன வியாழக்கிழமை அவள் என்ன கேட்டாள் என்று சொல்கிறேன், கேள்.

புதன்கிழமையே தெற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. உனக்குத் தெரியுமே, எலும்பு வரை பிசுபிசுக்க வைக்கும் அந்தக் கடல் காற்று. கதவெல்லாம் ஈரத்தில் உப்பி அடைபடவில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. டாவா அத்தை மாதுளை மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இந்த வருஷத்து முதல் பழத்தை உடைத்தாள். ஒவ்வொரு வருஷமும் முதல் பழம் அவளுக்குத்தான். "ஊர்ல எத்தனை மரம் இருக்கு, இது மாதிரி தித்திப்பு எதுலயும் இல்லடி. என்னத்தப் போட்டுடி வளத்த?" என்று கேட்பாள். நான் உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோலப் போய்விடுவேன். அந்த மரத்துப் பழத்தில் ஒரு முத்துகூட நான் இதுவரை வாயில் போட்டதில்லை. திலாவையும் தொட விடுவதில்லை.

அன்று அவள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றையே பார்த்தாள். நுரையும் சருகும் கடலுக்குப் போகாமல், ஆறு புறப்படும் ஏரிப் பக்கமாக மேலே போய்க்கொண்டிருந்தன. பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி லூச்சே, அன்னைக்கும் இதே காத்துதானே?"

ஆமாம் அத்தை என்றேன். வேறு என்ன சொல்வது?

"படகு கவுந்து கெடக்குன்னு சொன்னதும் மொத்த ஊரும் கீழ ஓடுச்சு. நானுந்தான் ஓடுனேன். கடல் வாயில வலை போட்டு மூணு நாளு அலசுனோம். இந்தக் காத்துல ஆறு மேலேல்லடி போகும்? பொறந்ததுலேர்ந்து ஆத்தக் குடிச்சு வளந்தவங்க, ஒருத்தருக்குக்கூட மேல போய்ப் பாக்கத் தோணலையே!"

கரையேறியவனை எதற்குத் தேட வேண்டும், பாஷ்கோதான் எழுதியிருக்கிறானே என்று நான் உளறினேன். அவள் சிரித்தாள்.

"என் புள்ள சோம்பேறிதான். நாலு வரி எழுதச் சொன்னா நாப்பது தடவ கொட்டாவி விடுவான். ஆனா ஏழு வருசத்துக்குச் சோம்பேறி இல்லடி."

பிறகு மரத்தை நிமிர்ந்து பார்த்து, "இந்த மரத்த எப்ப வெச்ச?" என்றாள். ஞாபகமில்லை என்றேன். அவள் உடைத்த பழத்தை வாயில் போடவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்து மூடி, மரத்தடியில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வரவில்லை.

இனி என் கதையைச் சொல்கிறேன். இடையில் நிறுத்தாமல் கடைசி வரை படி.

நீங்கள் இருவரும் போவதென்று முடிவு செய்தபோது என்னிடம் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாய். வெள்ளை விரிப்பைக் கொடியில் போடு. ஆறு கடலுக்குப் போனால் விரிப்பு கிடக்கட்டும், உப்பு ஏறினால் எடுத்துவிடு என்றாய். விலாங்கு வேலிக் குடிசையிலிருந்து உனக்கு நம் கொடி தெரியும். விடியும் முன்பு இறங்கினால் நீரோட்டமே உங்களை வளைவுக்குக் கீழே அக்கரைத் திட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்பது உன் கணக்கு. நீங்கள் கவிழ்த்துவிட்டுப் போகும் படகைப் பார்த்து, ஊர் நீங்கள் மீன் பிடிக்கப் போய் மூழ்கியதாக நினைக்கும். மிச்சம் இருப்பவர்களை, ஓடிப்போனவன் குடும்பம் என்று யாரும் முகாமுக்கு அனுப்ப மாட்டார்கள். எல்லாம் யோசித்துத்தான் வைத்திருந்தாய்.

முந்தின நாள் காலையில் ஆறு நேராகத்தான் போனது. விரிப்பைப் போட்டேன். சாயங்காலம் கூட்டுப்பண்ணை மாடுகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போனேன். நெற்றிச்சுட்டி மாடு, அதுதான் எப்போதும் முதலில் இறங்கும், மூக்கை வைத்தது, தலையை உதறிக்கொண்டு திரும்பிவிட்டது. மற்ற மாடுகளும் குடிக்கவில்லை. கையால் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. மேலே பார்த்தால் ஆறு இன்னும் கடலுக்குப் போவதுபோலத்தான் தெரிந்தது. அடியில் கடல் ஏறி வந்துவிட்டது. விடியும்போது முழு ஆறும் திரும்பிவிடும். குடிசையிலிருந்து உனக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, பாஷ்கோ.

வீட்டுக்கு ஓடினேன். விரிப்பின் ஓரத்தைப் பிடித்துவிட்டேன். அப்போதுதான் வேலியோரம் டாவா அத்தை வந்து நின்றாள். அவள் கட்சி அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தாள் அல்லவா? மூச்சு வாங்க, "லூச்சே, நாளைக்குக் காலைல மாவட்டத்துலேர்ந்து வண்டி வருதாம்டி. பட்டியல்ல உன் தம்பி பேரு இருக்கு. என் கண்ணால பாத்தேன். நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்றாள். கட்சிக் கூட்டத்தில் நீ சிரித்தாயே, அந்த ஒரு சிரிப்புக்காக. பட்டியலில் டோனின் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். "அவன் பேரு எதுக்குடி இருக்கப் போவுது, அவன் வாயே தெறக்க மாட்டானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உன் உயிரைக் காப்பாற்றத்தான் அவள் வந்தாள். தன் மகனும் உன்னோடு இறங்கப்போகிறான் என்பது அவளுக்குத் தெரியாது.

விரிப்பை எடுத்தால் நீங்கள் இருப்பீர்கள். காலையில் உன்னை ஏற்றிக்கொண்டு போவார்கள். எடுக்காவிட்டால் நீங்கள் மேலே திரும்பி ஓடும் உப்புத் தண்ணீரில் இறங்குவீர்கள். நீ நன்றாக நீந்துவாய், டோனினுக்கு அவ்வளவு வராது. இவ்வளவும் எனக்கு அந்த நிமிஷத்தில் தெளிவாகத் தெரிந்தது. நான் விரிப்பிலிருந்து கையை எடுத்தேன். ஈரமாக இருக்கிறது, காயட்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். யாருக்குச் சொன்னேனோ.

நீ டோனினின் கையை விட்டாய் என்று ஏழு வருஷமாக அழுகிறாய். அவனை முதலில் விட்டது நான். விரிப்பைப் பிடித்த கையை எடுத்தபோதே விட்டுவிட்டேன்.

விடிந்தும் விடியாமல் படித்துறைக்குப் போனேன். ஆற்றோரப் புதரில் டோனின் சிக்கியிருந்தான். ஆறு அவனைக் கடலுக்குக் கொண்டுபோகவில்லை; நேராக நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தது. இடுப்பில் டயர் டியூப், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஞாயிற்றுக்கிழமைக் காலணி, இரண்டு சட்டை. யார் பார்த்தாலும் ஓடப் போனவன் என்று தெரிந்துவிடும். அப்புறம் படகு கவிழ்ந்த கதையை யார் நம்புவார்கள்? டாவாவையும் என்னையும் லாரியில் ஏற்றிச் சதுப்பு நிலத்து முகாமில் தள்ளியிருப்பார்கள். டியூபை அறுத்துவிட்டு, காலணியைக் கழற்றிவிட்டு, அவனைத் திரும்ப ஆற்றில் விட்டிருக்கலாமே, அவன் அம்மாவுக்கு ஒரு கல்லறையாவது கிடைத்திருக்குமே என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குத் தோன்றவில்லை. மறைக்க வேண்டும் என்பது மட்டுமே மண்டைக்குள் ஓடியது.

ஆற்று மண் இளகியது, வெட்ட வெட்ட வந்தது. மண்ணைத் தள்ளி முகம் மூடிய பிறகுதான் ரோந்துச் சிப்பாய் மழையில் நனைந்துகொண்டு வந்தான். இந்த மழையில் என்ன குழி என்று கேட்டான். மாதுளை வைக்கிறேன், மழையில்தான் வேர் பிடிக்கும் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனான். சொல்லிவிட்டதால் வைத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. அடுத்த நாள் பக்கத்து ஊரில் ஒரு கன்று கேட்டு வாங்கி வந்து நட்டேன். அது பட்டுப்போகும் என்று நினைத்தேன். ஊரிலேயே அதுதான் நன்றாகக் காய்க்கிறது.

இன்று காலை அளந்தேன். மரத்துக்கும் விளிம்புக்கும் நாலு அடி. கரையின் வெட்டுமுகத்தில் வேர்கள் வெளியே தொங்குகின்றன. காற்று நின்றாலும் மழைக்காலம் வந்துவிடும். ஆறு ஒருமுறை கொண்டுவந்து கொடுத்தவனை இன்னொரு முறை கொண்டுபோய்விடும். அதற்குள் அவனை எடுத்து அவன் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்கு அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். நான் தனியாகச் சொல்லலாம். சொன்னால் அவள் பாதிதான் கேட்பாள். மீதி உன்னிடம் இருக்கிறது.

என் மேல் கோபம் வந்தால் வந்து நேரில் திட்டு. பட்டறைக்காரனிடம் வீட்டில் சாவு என்று சொல். பொய் இல்லை.

அக்கா

*

3 நவம்பர் 1993

பாஷ்கோ,

உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் வந்து சேர்ந்தது என்று லாரிக்காரர் சொன்னார். உன் கையில்தான் கொடுத்தாராம். நீ வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாயாம். அவர் கொடுத்த சிகரெட்டைக்கூட வாங்கவில்லையாம்.

நேற்று இறந்தோர் நாள். ஊரே மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. அம்மா அப்பாவுக்கு உன் பெயரிலும் ஏற்றினேன். டாவா அத்தையை அங்கே காணவில்லை. முதல் ஐந்து வருஷம் இந்த நாளில் அவள் கழிமுகம் வரை நடந்துபோய், சாமி கும்பிடக்கூடாது என்றிருந்த காலத்திலும் யாருக்கும் தெரியாமல், கடலைப் பார்த்து மணலில் ஒரு வத்தி ஏற்றிவிட்டு வருவாள். உன் வரி வந்த பிறகு நிறுத்திவிட்டாள். உயிரோடு இருப்பவனுக்கு யாராவது வத்தி ஏற்றுவார்களா?

நான் வீட்டுக்குத் திரும்பியபோது மாதுளை மரத்தடியில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. காற்று அணைத்துவிடாமல் டாவா அத்தை தலைத்துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டடியில் ஆறு. அந்தக் கண்ணாடித் தாளும் உன் வரியும் வத்திக்கு அடியில் கிடந்தன.

நான் வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"நீ சொல்லாதடி. உங்கிட்ட நான் கேக்கல. கேட்டா நீ சொல்லிடுவ, அப்புறம் என்னால உன் மூஞ்சியப் பாக்க முடியாது. எனக்கு இந்த ஊர்ல உன்ன விட்டா யாரு இருக்கா? ரெண்டு பேரா போனாங்க. போனவங்கள்ல ஒருத்தன் வந்து சொல்லட்டும். அவன் வாயால கேட்டுட்டு எம்புள்ளய எடுத்துக்கறேன்."

வத்தி முழுதாகக் கரையும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம். பிறகு அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அவன் இங்கதான் இருந்தான்னா குளிராம இருந்திருக்கும். உன் அடுப்புச் சூடு இங்க வரைக்கும் வருது" என்றாள். பாஷ்கோ, அப்போது நான் அழுத அழுகையை அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

கோலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் போய்க் கழிகளை வெட்டிக்கொண்டு வந்தார். மரத்தை வெட்டவில்லை. மரத்துக்கு முன்னால், இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு வரிசை அடித்திருக்கிறார். ஒரு வாரம் தாங்கும் என்கிறார். பெருமழை வந்தால் அதுவும் சொல்ல முடியாது என்கிறார்.

இன்று மாடுகள் தண்ணீர் குடித்தன. ஆறு கடலுக்குப் போகிறது. கொடியில் நான் எதுவும் போடவில்லை. இனிமேல் போடவும் மாட்டேன். நீர் எந்தப் பக்கம் போனாலும் நீ வா, தம்பி. டாவா அத்தை தினமும் சாயங்காலம் படித்துறையில் உட்கார்ந்து கீழ்ப்பக்கமும் பார்க்கிறாள், மேல்பக்கமும் பார்க்கிறாள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் முதலில் அவள் கண்ணில்தான் படுவாய். அவள் உன் கையைப் பிடித்தால் உதறிவிடாதே.

உன் கைகளைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும்.

லூச்சே